இறுக்கத்திற்கும் ஓர் அளவு உண்டு

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு சிறிய மகிழுந்து அங்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் ஒவ்வொரு சக்கரமும் 100,000 முறைக்கு மேல் சுழன்றிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 சுழற்சிகள். சாலையின் மேடு பள்ளங்கள், வளைவுகள், திடீரென அழுத்தப்படும் பிரேக் ஆகிய அனைத்தையும் தாங்கிக்கொண்டு அந்தச் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பவை நான்கு அல்லது ஐந்து நட்டுகள்தாம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனே இருக்கும்.

தோற்றத்தில் சிறியவர் என்று எவரையும் இகழலாகாது என்பதை விளக்கத் திருவள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை, பெரிய தேரின் அச்சாணி. அந்நாளில் தேருக்கும் மாட்டுவண்டிக்கும் அச்சாணி எப்படியோ, இந்நாளில் மகிழுந்துக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் இந்த நட்டுகள் அப்படி. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அச்சாணியைச் செருகிவிட்டால் போதும். நட்டையோ சரியான அளவில் இறுக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

கழன்ற சக்கரம்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, மலாக்கா மாநிலத்தின் ஆயர் குரோ அருகே, வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் ஒரு கோர விபத்து நிகழ்ந்தது. கனரக வாகனம் ஒன்றிலிருந்து கழன்ற சக்கரத்தின்மீது சுற்றுலாப் பேருந்து ஒன்று மோதியது. கட்டுப்பாட்டை இழந்த அப்பேருந்து எதிர்த்திசைப் பாதைக்குள் புகுந்து, எதிரே வந்த டிரெய்லர் லாரியோடு மோதியது. மற்ற வாகனங்களும் விபத்தில் சிக்கின. 7 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

ஒரு சக்கரம் கழல்வதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். தாங்கு உருளை தேய்ந்து போகலாம், மரையாணி முறியலாம், நட்டு தளரலாம். காரணம் எதுவானாலும், கழன்று உருளும் சக்கரம் தன் வாகனத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஆபத்தானதன்று என்பதை இவ்விபத்து நமக்கு உணர்த்துகிறது. அதே விரைவுச்சாலைதான் பேராக் மாநிலத்தில் கோலகங்சார், ஈப்போ, தாப்பா வழியாகச் செல்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கல் ஏற்றி வரும் லாரிகளும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பங்களும், பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஆகவே, சக்கர நட்டை இறுக்குவது பட்டறைக்குள் முடிந்துவிடும் சிறு வேலையன்று. முன்பின் அறியாத பலருடைய உயிர் அதைச் சார்ந்துள்ளது.

நட்டு என்ன செய்கிறது?

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்பார்கள். மகிழுந்திலும் சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியைக் குடம் என்றே கூறலாம். பட்டறைகளில் அதனை 'ஹப்' என்பர். குடத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணிகளில் சக்கரத்தின் துளைகளை மாட்டி, அவற்றின்மேல் நட்டுகளைத் திருகுகிறோம்.

வாகனத்தின் எடையை அந்த மரையாணிகளே சுமக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நட்டை இறுக்கும்போது மரையாணி மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட கம்பிச் சுருள் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதுபோல், மரையாணியும் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சியே சக்கரத்தைக் குடத்தோடு சேர்த்து அழுத்துகிறது. சாதாரணமாக 12 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மரையாணியை உரிய அளவில் இறுக்கினால், தோராயமாக 4 டன் எடையை வைத்து அழுத்துவதற்கு ஒப்பான பிடிப்பு கிடைக்கும். நான்கு நட்டுகள் என்றால் ஏறத்தாழ 16 டன். இவ்வளவு வலுவாக அழுத்தப்பட்ட இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இருப்பதற்குக் காரணம் உராய்வு. அந்த உராய்வே சுமையைத் தாங்குகிறது.

பிடிப்பு குறைந்தால் என்ன நேரும்? சக்கரம் குடத்தின்மேல் ஒரு மயிரிழை அளவு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், இத்தகைய பக்கவாட்டு அசைவுதான் திருகாணிகளைத் தானாகவே தளரச் செய்கிறது என்பதை 1969-ஆம் ஆண்டில் ஆய்வின்வழி காட்டினார். வழுக்கும் ஒவ்வொரு முறையும் மரையின் உராய்வு சற்று விட்டுக்கொடுக்கிறது. நட்டு சிறிது பின்னோக்கித் திரும்புகிறது. நட்டு தளர்ந்தால் வழுக்கல் மிகும். வழுக்கல் மிகுந்தால் நட்டு மேலும் தளரும். அதே வேளையில், மரையாணியும் ஒவ்வொரு சுழற்சியிலும் இங்கும் அங்கும் வளைகிறது. ஓர் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சூடேறி முறிந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். மரையாணிக்கும் அதே கதிதான். நொடிக்கு 14 முறை வளையும் ஆணி எத்தனை நாள் தாங்கும்?

வலிமையா, அளவா?

'அப்படியானால், இயன்ற மட்டும் இறுக்கிவிடலாமே' என்று தோன்றலாம். அதுவும் தவறு. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

ஒரு மரையாணியை அதன் எல்லைக்கு மேல் நீட்டினால், அது மீண்டும் சுருங்காது. அளவு கடந்து இழுபட்ட ரப்பர் வளையம் தொய்ந்து போவதுபோல் அதன் பிடிப்பு கெட்டுவிடும். மரைகள் நசுங்கலாம். சக்கரத்திற்குப் பின்னால் உள்ள பிரேக் வட்டு சமமில்லாத அழுத்தத்தால் கோணிப்போய், பிரேக்கை அழுத்தும்போது அதிர்வு உண்டாகலாம். இவற்றையெல்லாம் தாண்டி, நடுவழியில் டயர் பழுதடைந்தால், வாகனத்தில் உள்ள சிறிய ஸ்பேனரைக் கொண்டு அந்த நட்டைக் கழற்றவே முடியாமல் போகும்.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த அளவுக் கணக்கு புதியதன்று. 1877-ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சாரில், அக்காலத்து மரம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மாநிலத்தின் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவினர். கத்தி ஆழமாகப் பதியவில்லையென்றால் மங்கில் பால் சேராது. சற்று ஆழமாகிவிட்டாலோ, பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடியும் அங்குச் சீவ முடியாது. ஆகவே, நல்ல பால்வெட்டுத் தொழிலாளர் என்று பெயர் எடுத்தவர் அளவறிந்து கத்தியை நிறுத்தத் தெரிந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்து பலர் லாரி ஓட்டுநர்களாகவும் வாகனப் பட்டறைத் தொழிலாளர்களாகவும் ஆயினர். கருவி மாறியது, அளவறியும் தேவை மாறவில்லை. ஆனால், பால்வெட்டில் கையே அளவை உணரும். மரையாணி எவ்வளவு நீண்டது என்பதைக் கை உணராது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

முறுக்குவிசை என்னும் அளவுகோல்

அந்த அளவுகோலே முறுக்குவிசை. செலுத்தும் விசையை, நட்டின் மையத்திலிருந்து கை பிடித்திருக்கும் இடம் வரையுள்ள தூரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். இதன் அலகு நியூட்டன் மீட்டர். சிறிய, நடுத்தர மகிழுந்துகள் பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படும். உங்கள் வாகனத்திற்குரிய துல்லியமான அளவு அதன் பயனர் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். லாரிக்கும் பேருந்துக்கும் இதைவிடப் பல மடங்கு தேவை. ஆகவே, ஒரு வாகனத்தின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு வாகனத்திற்கு 100 நியூட்டன் மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவு விசை, போதுமானது. வாகனத்தோடு வரும் ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளமே என்றால், விசை இருமடங்காகி 400 நியூட்டன் தேவைப்படும்.

இனி, சிலர் செய்யும் தவறுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால், முறுக்குவிசை 180 நியூட்டன் மீட்டராகிவிடும். அதே மனிதர் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன் நீளத்தை ஒரு மீட்டராக்கி ஏறி நின்றால் 600 நியூட்டன் மீட்டர். தேவையானதைப்போல் ஆறு மடங்கு! பட்டறைகளில் 'டர்ர்ர்' என்ற ஓசையுடன் இயங்கும் காற்றழுத்தத் துப்பாக்கியும் ஓரிரு நொடிகளிலேயே தேவையான அளவைத் தாண்டிவிடக் கூடியது. வேலை விரைவாக முடியும் என்பது உண்மை. எவ்வளவு இறுக்கியது என்பதை அது சொல்லாது என்பதும் உண்மை.

அதனைச் சொல்லும் கருவி டார்க் ரென்ச் எனப்படும் முறுக்குவிசை ஸ்பேனர். அதன் கைப்பிடியில் வேண்டிய அளவை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அந்த அளவை எட்டியதும் 'டிக்' என்று ஓசை எழும்; கையிலும் ஒரு சிறு தட்டல் தெரியும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மேலும் இரண்டு முறை அழுத்துவது அந்தக் கருவியை வாங்கிய நோக்கத்தையே கெடுப்பதாகும்.

முறையாக இறுக்குவது எப்படி?

முதலாவதாக, வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கழற்றாத சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கியால் வாகனத்தை உயர்த்த வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கியிருக்கும் வாகனத்தின் அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது.

இரண்டாவதாக, குடமும் சக்கரமும் பொருந்தும் பரப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவையும் சேற்றையும் அகற்ற வேண்டும். இறுக்கும்போது இடையில் சிக்கிய துரு, வாகனம் ஓடத் தொடங்கியதும் நொறுங்கி உதிரும். உதிர்ந்த அளவுக்கு இடைவெளி உண்டாகிப் பிடிப்பு தளரும்.

மூன்றாவதாக, நட்டுகளை முதலில் கையாலேயே திருக வேண்டும். கையால் எளிதாகச் செல்லாத நட்டு மரை மாறி நுழைந்திருக்கலாம். அதனைக் கருவியால் வலிந்து திருகினால் மரை அழிந்துவிடும். கூம்பு வடிவ முகமுள்ள நட்டாக இருந்தால், அந்த முகம் சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும். சக்கரத்தின் துளைக்கு ஏற்ற வடிவமுள்ள நட்டையே பயன்படுத்த வேண்டும். சக்கரத்தை மாற்றுபவர்கள் இதனை மறந்துவிடக் கூடாது.

நான்காவதாக, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்கக் கூடாது. அவ்வாறு செய்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பொருந்தும். நான்கு நட்டுகள் இருந்தால், ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதை இறுக்க வேண்டும். ஐந்து இருந்தால், ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவதுபோல் செல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, டயர் தரையைத் தொடும் அளவுக்கு வாகனத்தை இறக்கி, முறுக்குவிசை ஸ்பேனரால் அதே வரிசையில் முதலில் பாதி அளவுக்கும், பின்னர் முழு அளவுக்கும் இறுக்க வேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: 'நட்டு எளிதாகத் திரும்புவதற்குச் சிறிது எண்ணெய் தடவினால் என்ன?' நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மரையாணியை நீட்டப் பயன்படுகிறது. எஞ்சியது உராய்வை வெல்வதற்கே செலவாகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்துவிடும். கருவி அதே அளவைக் காட்டினாலும் மரையாணி அளவுக்கு மீறி நீண்டுவிடும். கையேட்டில் கூறப்பட்டிருந்தாலன்றி எண்ணெய் தடவக் கூடாது. துருப்பிடித்த மரையோ இதற்கு நேர்மாறானது. கருவியில் 'டிக்' ஓசை கேட்கும். ஆனால், போதிய பிடிப்பு இராது.

இறுக்கிய பின்னரும் கவனம்

சக்கரத்தை மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க வேண்டும். புதிதாகப் பொருந்திய பரப்புகள் அந்தத் தொலைவுக்குள் ஒன்றோடொன்று படிந்துவிடும். காலையில் ஈப்போவில் டயர் மாற்றிக்கொண்டு தெற்கே புறப்படும் ஒருவர், தாப்பா ஓய்வுத்தலத்தில் இறங்கும்போது சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடலாம்.

தளரும் சக்கரம் முன்னறிவிப்பு செய்வதும் உண்டு. ஓட்டுவளையத்தில் இதுவரை இல்லாத அதிர்வு, சக்கரப் பகுதியிலிருந்து 'டக் டக்' என்னும் ஓசை, நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடுகள் ஆகியவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். விரைவுச்சாலையின் அவசரத் தடத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மிகவும் ஆபத்தானது. பயணிகள் அனைவரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் சென்று நின்று, உதவிக்கு அழைப்பதே அறிவுடைமை.

சில பேருந்துகளிலும் லாரிகளிலும் சக்கர நட்டுகளின்மேல் மஞ்சள் நிறத்தில் சிறிய நெகிழி அம்புகள் பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை அலங்காரப் பொருள்கள் அல்ல. பக்கத்துப் பக்கத்து நட்டுகளின் அம்புகள் ஒன்றையொன்று நோக்குமாறு பொருத்தப்படுகின்றன. ஏதேனும் ஒரு நட்டு தளர்ந்து திரும்பினால் அதன் அம்பும் திசை மாறிவிடும். புறப்படும் முன் வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் ஓட்டுநர், எந்த நட்டு தளர்ந்துள்ளது என்பதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பார்ப்பதற்கு ஒருவர் இருந்தால் மட்டுமே அந்த அம்புக்குப் பயன் உண்டு.

கேட்கும் பழக்கம்

நம்மில் பலர் சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டுவதில்லை. டயர் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அங்கும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. "அண்ணே, கடைசியாக டார்க் ரென்ச் வைத்து இறுக்கிவிடுகிறீர்களா?" என்று பணிவாகக் கேட்கலாம். இது அவருடைய திறமையைச் சந்தேகிப்பதாகாது. தம் தொழிலை மதிக்கும் பட்டறைக்காரர் இக்கேள்வியை வரவேற்பார். காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டைத் திருகி, இறுதி இறுக்கத்தை முறுக்குவிசை ஸ்பேனரால் முடிப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

வாகனத் தொழில்நுட்பத்தில் நாட்டம் கொண்ட மாணவர்களுக்கு வழிகளும் பல உள்ளன. தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஒமார் போலிடெக்னிக் 1969 முதல் ஈப்போவிலேயே இயங்கி வருகிறது. அங்குச் செல்லும் மாணவர் இயற்பியல் பாடத்தில் படித்த விசையும் உராய்வும் தம் கையில் இருக்கும் ஸ்பேனரில் செயல்படுவதைக் காண்பார். படிப்பு வேறு, பட்டறை வேறு என்னும் எண்ணம் அப்போது மறையும்.

ஒரு நட்டை அளவோடு இறுக்குவதற்குச் சில நொடிகளே கூடுதலாகத் தேவைப்படும். அந்தச் சில நொடிகளை ஒதுக்குபவருக்குப் பாராட்டு எதுவும் கிடைக்காமல் போகலாம். ஏனெனில், முறையாக மாட்டப்பட்ட சக்கரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை; அதன்மேல் பயணம் செய்தவர்கள் நலமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.